இரண்டு விரற்கடை

குருநகர்ச் சந்தியோகுவின் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. அதைச் சொல்ல அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். பதினொரு வயதில் தகப்பனோடு வள்ளத்தில் கால் வைத்தவர். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போக வழியில்லாமல், இடம்பெயர்ந்து போன ஊரில் சைக்கிள் ரியூப் ஒட்டிப் பிழைத்தவர். திரும்பி வந்து ஒரு கைப்பம்பும் ஒரு தகரக் கூரையுமாகத் தொடங்கிய ரயர் கடை இன்றைக்கு மூன்று கதவுக் கடை. ஒரு கதவுகூட இன்னொருவர் போட்டுக் கொடுத்ததல்ல.

படித்த எஞ்சினியர்மாரை வரிசையாக நிறுத்தி, ஒரு சில்லை உருட்டிவிட்டு, இதில் காற்று எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். காற்று பார்க்கிற கருவியைத் தேடுவார்கள். சந்தியோகு முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொல்லுவார். பிறகு கருவியை வைத்துப் பார்த்தால் ஒரு இறாத்தல் முன்பின் இருக்காது. வாய்ப்பேச்சல்ல இது, யாழ்ப்பாணத்தில் பாதி வாகனக்காரர் பார்த்த சங்கதி.

அப்பேர்ப்பட்ட மனிதரின் மருமகன் கார் ஓட்டப் போட்டிக்குப் போகிறான் என்றால், ரயரை வேறு யார் தெரிவுசெய்வது?

மருமகன் பெயர் ஜெரோசன். மின்வேலை செய்கிறவன். மூத்த மகள் றொசாந்தியைக் கட்டி இரண்டு வருடம். குரல் உயர்த்தாத பிள்ளை. பழைய டட்சன் சனி ஒன்றை வாங்கி, ஒன்றரை வருடமாக அதன் எஞ்சினைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தான். ஓட வேண்டியது கால் மைல் நேரோட்டம். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் புறப்படும். எது முதலில் கோட்டைத் தாண்டுகிறதோ அது வென்றது. எல்லாம் பதினாறு செக்கனுக்குள் முடிந்துவிடும். புத்தூருக்குக் கிழக்கே வெளிக்குள் புதிதாகத் தார் போட்டு இன்னும் திறக்காமல் கிடந்த வீதியில், ஒரு மோட்டார்க் கழகம் அனுமதி வாங்கிப் போட்டியை வைத்தது.

காரில் கிடந்தது 165 ரயர். இலக்கம் கூடக்கூட ரயரும் பெரிது. ஜெரோசன் போனில் கணக்குப் போட்டுவிட்டு 175 என்றான். சந்தியோகு 185 என்றார்.

"மாமா, 185 பெரிசு. வெளிக்கிடேக்கை கார் இழுக்காது."

"தம்பி, நீர் கடலுக்குப் போனனீரோ?"

"இல்லை மாமா."

"அப்ப கேளும். எஞ்சின் போட்டிலை தண்ணிக்கை சுத்திற விசிறி இருக்கெல்லோ, அதிலை ரண்டு சாதி. ஒண்டு, வலையும் மீனும் ஏத்தின பாரத்தை இழுத்து எடுக்கிறது. மற்றது, வெறும் போட்டைப் பறக்க விடுறது. சின்ன ரயர் முதல் சாதி. டக்கெண்டு வெளிக்கிடும், பிறகு எஞ்சின் கத்துமே தவிர போகாது. பெரிய ரயர் ரண்டாம் சாதி. வெளிக்கிடேக்கை கொஞ்சம் முக்கும். ஆனால் ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போகும். உம்மடை கார் கால் மைல் முடிய முதல் நாலாம் கியர் கேக்கும். 185 போட்டால் மூண்டாம் கியரிலேயே கோட்டைத் தாண்டும். கியர் மாத்திற அந்தக் கண்வெட்டு நேரம் உமக்கு மிச்சம். உந்தப் போன் இதைச் சொல்லுமோ?"

ஜெரோசன் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தான். கணக்கு மாமாவின் பக்கம் நின்றது. எனக்கு ஆச்சரியமில்லை.

ஆக, அளவைத் தெரிவுசெய்ததில் சந்தியோகு பிழைவிடவில்லை. பிழை சோடி சேர்த்ததில் வந்தது.

கடையில் 185 ரயர் நான்கு கிடந்தன, யப்பானிலிருந்து வந்த பழசு. நான்கிலும் பக்கத்தில் ஒரே இலக்கம்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரோட்டில் தேய்ந்தது. சும்மா ஓடுகிற காருக்கு இது பெரிய விசயமில்லை. ஜெரோசனோ, பின்சில்லுகள் இரண்டும் ஒன்றாகவே சுழல வேண்டுமென்று, நடுவிலிருக்கும் பல்லுப்பெட்டியை ஒட்டிப் பூட்டிவிட்டிருந்தான். அப்படிப்பட்ட காரில் ஒரு பின்சில்லு மற்றதைவிடப் பெரிதென்றால், பெரிய சில்லு கூடத் தூரம் ஓடிக் காரைச் சின்னச் சில்லின் பக்கம் திருப்பும். மெல்லப் போகும்போது ஸ்டியரிங்கால் சமாளிக்கலாம். நூற்றிருபதில் சமாளிப்பது மாதாவின் கையில்.

சந்தியோகு நான்கையும் ஒருமுறை பார்த்தார். இரண்டைக் காலால் தட்டி, "இது ரண்டும் இரட்டைப் பிள்ளையள். கண்ணாலேயே பாத்திட்டன்" என்று மருமகனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அளந்தது அதற்குப் பிறகுதான். அதுவும் மனைவி யசிந்தாவின் கரைச்சல் தாங்காமல். இரும்பு நாடாவை அவர் நம்புவதில்லை. ரயரின் வளைவில் அது படியாது என்பார். வலைக்காரன் கையில் எப்போதும் கிடப்பது தங்கூசி, மீன் பிடிக்கிற நைலோன் நூல். அதை முதல் ரயரைச் சுற்றிப் பிடித்து, முட்டின இடத்தில் முடிச்சுப் போட்டார். இரண்டாவது ரயரைச் சுற்றினார். முடிச்சு இரண்டு விரற்கடை, இரண்டு விரலின் அகலம், எட்டாமல் நின்றது.

மருமகனுக்குச் சொல்லியாயிற்று. சந்தியோகு நூலை இழுத்தார். தங்கூசி நீண்டு கொடுத்தது. முடிச்சு வந்து முட்டியது.

மற்ற முனையைப் பிடித்துக்கொண்டிருந்த யசிந்தா சொன்னாள்: "இஞ்சாருங்கோ, உது இழுபட்டெல்லோ வந்தது."

"தங்கூசி எண்டால் இழுபடும்தானே. விடு."

"இழுபட்டால் அது என்ன அளவு?"

"எடி, அம்பது வருசமாய் நூல் பிடிச்ச கை இது. போய்த் தேத்தண்ணியைப் போடு."

போட்டி நாள் சனிக்கிழமை. கார் பழைய 165 ரயரிலேயே போட்டி வீதிக்குப் போனது. 185 இரண்டும் தேயாமல் லொறியில் போய், அங்கே வைத்துப் பின்பக்கம் பூட்டப்பட்டன. சின்னது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம். அதை ஓடிப் பார்க்க வேறு இடம் ஏது? நேராகப் பந்தயக் கோட்டுக்குத்தான்.

கடைசிக்கு வந்தவை நான்கு கார்கள். முதல் ஓட்டம் உடுப்பிட்டிக் காரோடு. வேலியோரம் குருநகர்ச் சனம் ஒரு பட்டாளம். சந்தியோகு அவர்கள் நடுவில் கைகட்டி நின்று, "பாருங்கோ, மூண்டாம் கியரிலை முடிப்பான்" என்று நாலுமுறை சொல்லிவிட்டார்.

பச்சை எரிந்தது. சனி முதலில் கொஞ்சம் முக்கியது. பிறகு பிடித்தது. நூறு மீற்றரில் உடுப்பிட்டிக் காரை எட்டியது, இருநூறில் தாண்டியது. சனம் கத்தியது. முந்நூறில் காரின் பின்பக்கம் இலேசாக வலப்பக்கம் விலகியது. மூக்கு இடப்பக்கம் திரும்பியது.

அந்த வீதியின் இடப்பக்கத்தில், முடிவுக் கோட்டுக்கு முன்னால், ஒரு மதகு. இடுப்பளவு கொங்கிறீற்றுக் கட்டு. அதற்கு முன்னால் நாலு மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

கார் இடப்பக்க ஓரத்து வெள்ளைக் கோட்டை மிதித்தது. தாண்டியது. மதகுக்கும் கதவுக்கும் இடையில் ஒரு ஆள் நுழையக்கூடிய இடம்தான் இருந்திருக்கும். சனத்தின் சத்தம் பட்டென்று நின்றது. கார் ஒரு உலுக்கு உலுக்கி, மறுபடி தாருக்கு வந்து, முடிவுக் கோட்டைத் தாண்டியது.

வென்றது சனிதான். மூன்றாம் கியரில்தான் முடிந்தது. ஒருவரும் கை தட்டவில்லை.

கழகத்தின் செயலாளர் டினேஸ் காரடிக்கு வந்தார். "ஜெரோசன், வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் ஓட்டம் செல்லாது. எதிராளியும் கோட்டை மிதிச்சபடியால் இந்த முறை விடுறம். இன்னொருக்கா மிதிச்சால் இந்த வருசம் முழுக்க ஓடேலாது. கவனமாய் ஓடும்."

"என்ரை பிழைதான். கை தளம்பிட்டுது" என்றான் ஜெரோசன்.

சந்தியோகு அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கை தளம்பின கார் இரண்டு பக்கமும் ஆடும். இது ஒரே பக்கம் இழுத்த கார். கடலில் கிடந்தவனுக்கு நீரோட்டம் இழுப்பதற்கும் சுக்கான் பிடித்தவன் உறங்குவதற்கும் வித்தியாசம் தெரியாதா?

கடைசி ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. எல்லோரும் சோடாக் கடைப் பக்கம் போனபின், லொறியைக் கூட்டக் கிடந்த தும்புத்தடியை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் போனார். தடியை இடப்பக்க ரயரோடு நிமிர்த்தி நிறுத்தி, ரயரின் உச்சியில் பெருவிரலை வைத்துப் பிடித்தார். விரலை எடுக்காமல் வலப்பக்கம் போய் நிறுத்தினார். ரயரின் உச்சி விரலுக்கு மேலே நின்றது. அரை விரற்கடைக்குக் கொஞ்சம் கூட. உயரத்தில் அவ்வளவு என்றால் சுற்றில் இரண்டு விரற்கடை.

தடியை மெல்லக் கீழே வைத்தார்.

"அளவு சரியோ?"

யசிந்தா பின்னால் நின்றாள். எப்போது வந்தாளோ தெரியாது.

"ஒண்டுமில்லை."

"தங்கூசி இழுபட்டதெல்லோ?"

"சத்தம் போடாதை."

"நான் எங்கை சத்தம் போட்டன்? அவனுக்குச் சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்ல? இவ்வளவு சனத்துக்கை, எதிராளி உரும்பிராயாரும் நிக்கிற இடத்திலை, சந்தியோகு சோடி பிழையாப் போட்டிட்டான் எண்டோ? நாளைக்கு என்ரை கடைக்கு ஆர் வருவான்?"

"அந்த மதகைப் பாத்தனீங்களோ?"

அவர் தடியைக் காலால் ஒதுக்கித் தள்ளினார்.

"நான் சொல்லட்டோ?"

"வாய் திறந்தியோ தெரியும்."

யசிந்தா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, மகள் நின்ற பக்கம் போனாள். வேலியோரம் றொசாந்தி சோடாப் போத்தலைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மற்ற 185 இரண்டும் குருநகரில் கடைக்குள். போய் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலே. இங்கே கிடப்பது கழற்றி வைத்த 165 சோடி மட்டும். அதைப் போட்டால் நாலாம் கியர் கேட்கும். "கத்துமே தவிர போகாது" என்று ஊர் முழுக்கச் சொன்னவர் இவர்.

குந்தி இருந்து வலப்பக்க ரயரின் வால்வைத் திறந்தார். காற்று சீறியது. பெரிய ரயரில் காற்றைக் குறைத்தால் உயரம் இறங்கும். உயரம் சமன், பார்க்கிறவனுக்கும் சமன். ஆனால் இந்த ரயருக்குள் சுற்றிவரக் கம்பிப் பட்டி ஓடுகிறது. காற்றுக் குறைந்தாலும் அதன் சுற்றளவு அப்படியேதான். இதை வாடிக்கைக்காரர் நூறு பேருக்குச் சொல்லி, "மண்டைக்கை என்ன இருக்கு?" என்று ஏசியிருக்கிறார். அந்த நூறு பேரும் ஏச்சு வாங்கின வேலையை இப்போது அவருடைய விரலே செய்துகொண்டிருந்தது.

"மாமா, காத்துக் குறைக்கிறியளோ?"

ஜெரோசன் தலைக்கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஓம்... பிடிப்பு வரட்டும் எண்டு."

"நல்லது மாமா. இந்த முறை ஸ்டியரிங்கை வடிவாய் இறுக்கிப் பிடிக்கிறன். முதல் ஓட்டத்திலை உங்கடை ரயரை நான்தான் பழுதாக்கப் பாத்தனான். குறை நினையாதையுங்கோ."

சந்தியோகு வால்வு மூடியைப் பூட்டினார். விரலில் வியர்வை, மூடி இரண்டுமுறை வழுக்கியது. "போம். போய்த் தண்ணி குடியும்" என்றார்.

கடைசி ஓட்டத்தின் எதிராளி உரும்பிராய்க் கஜானன். வாழைத் தோட்டக்காரன், வாய்க்காரன். காரைத் துடைத்த துணியைத் தோளில் போட்டபடி வந்தான்.

"என்ன சந்தியோகு அண்ணை, கார் கரைக்குப் போகப் பாத்தது? கடல் மணம் பிடிச்சிட்டுதோ?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அது காத்துத் தம்பி. வெளிக்காத்து" என்றார் சந்தியோகு.

"எங்கடை காருக்கு அந்தக் காத்து அடிக்கேல்லையோ?"

"உன்ரை காரைத் தள்ளக் காத்துக்கே விருப்பமில்லை."

இப்போது சிரிப்பு மறுபக்கம் போனது. சந்தியோகுவும் சிரித்தார்.

ஒலிபெருக்கி இரண்டு கார்களையும் கூப்பிட்டது. பத்து நிமிடம். ஜெரோசன் காருக்குள் ஏறி, வார்ப்பட்டியை இறுக்கி, தலைக்கவசத்தை மாட்டினான். எஞ்சின் எழும்பியது. றொசாந்தி வேலியைத் தாண்டி வந்து, கண்ணாடிக்குள் கைவிட்டு அவன் நெற்றியில் சிலுவை போட வெளிக்கிட்டாள். தலைக்கவசம் மறித்தது. அதன் மேலேயே போட்டாள்.

கார் நகர்ந்தது. நாலு முழம் போயிருக்கும். சந்தியோகு முன்னால் போய் நின்றார். இரண்டு கையையும் பொனற்றில் வைத்து, ஆளையே காருக்குக் குறுக்காகக் கொடுத்துவிட்டார்.

"நிப்பாட்டும்!"

"மாமா, கூப்பிடுறாங்கள்!"

"இறங்கும் எண்டு சொல்லுறன்."

ஜெரோசன் எஞ்சினை நிறுத்தினான். ஓட்டக்காரர், கழகக்காரர், குருநகர்ச் சனம் எல்லோரும் திரும்பினார்கள். கஜானன் தன் காருக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

சந்தியோகுவுக்கு மெல்லப் பேசத் தெரியாது. பெருமை அடிக்கிற அதே குரலில்தான் இதையும் சொன்னார். வேலிக்கு அங்காலும் கேட்டது.

"ரயர் சோடி பிழை. வலப்பக்கத்துச் சில்லு ரண்டு விரற்கடை கூட. அளந்தது நான். முடிச்சு வரேல்லை எண்டு கண்டிட்டு நூலை இழுத்து முட்டவைச்சதும் நான்."

ஜெரோசன் தலைக்கவசத்தைக் கழற்றினான். முகம் சிவந்திருந்தது.

"அப்ப என்ரை கை தளம்பேல்லை."

"இல்லை. உம்மடை கையாலைதான் கார் ரோட்டிலை நிண்டது."

"இது எப்ப தெரியும் மாமா?"

பொய் சொல்ல அவருக்கு இடமிருந்தது. "அரை மணித்தியாலம்" என்றார்.

ஜெரோசன் மதகுப் பக்கம் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மரியாதை இல்லை. இரண்டு வருடத்தில் முதல்தரமாக. சந்தியோகு கண்ணை எடுக்கவில்லை. வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு நின்றார்.

"165ஐப் போடுங்கோ" என்றான் ஜெரோசன்.

டினேஸ் மணிக்கூட்டைப் பார்த்து, "எட்டு நிமிசம். அதுக்குப் பிறகு கஜானனுக்கு வெற்றி" என்றார்.

எட்டு நிமிடம் என்பது மற்றவர்களுக்கு. ஜக்கை வைத்துக் காரை உயர்த்தி, எட்டு நட்டையும் கழற்றி, இரண்டு சில்லையும் மாற்றி, எட்டு நட்டையும் இறுக்க, அறுபத்திரண்டு வயது மனிதருக்கு ஐந்தே கால் நிமிடம் பிடித்தது. முழங்காலில் தார்க்கல் ஏறியதைப் பிறகுதான் கண்டார். மிச்ச நேரத்தில் இரண்டு ரயரிலும் தடியை வைத்துப் பார்த்தார். விரல் அசையவில்லை.

"தம்பி, இப்ப பாரம் இழுக்கிற விசிறி. முதல் நூறு மீற்றர் உம்மடை. அங்கை எடுக்கிறதை எடும். மூண்டாம் கியர் கத்தும், கத்தவிடாதையும். டக்கெண்டு நாலைப் போடும்."

ஜெரோசன் கண்ணாடியை ஏற்றினான்.

பச்சை.

சனி தெறித்துப் பாய்ந்தது. கஜானனின் கார் மூக்கைத் தூக்குவதற்குள் இவன் அரைக் கார் முன்னுக்கு. நூறில் ஒரு கார் முன்னுக்கு. குருநகர்ச் சனம் வேலியைப் பிடித்து உலுக்கியது. சந்தியோகு யார் முன்னுக்கு என்று பார்க்கவில்லை. இடப்பக்கத்து வெள்ளைக் கோட்டையும் சில்லையும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். இருநூறு. முந்நூறு. மதகு வந்தது. கார் கோட்டுக்கு ஒரு பாகம், ஆறடி, உள்ளே, நூல் பிடித்த மாதிரி, மதகைத் தாண்டிப் போனது.

அப்போதுதான் எஞ்சின் கத்துவது அவர் காதில் விழுந்தது. கியர் மாறியது. அந்த ஒரு கண்வெட்டு. கஜானன் நெருங்கினான், ஒட்டினான், கோட்டில் ஒரு முழத்தால் முந்தினான்.

உரும்பிராய்ப் பக்கம் வெடி கொளுத்தினார்கள்.

சந்தியோகு வீதியால் நடந்தார். போகக்கூடாது என்று யாரோ கூப்பிட்டார்கள், காதில் போடவில்லை. கால் மைலும் நடந்து காரடிக்குப் போனபோது ஜெரோசன் கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே போட்டுக்கொண்டு இருந்தான்.

"தோத்திட்டம்" என்றான்.

"ஓம்."

"ஒரு முழம்தானாம்."

"கண்டனான்."

கஜானன் காரைத் திருப்பிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணை, உந்தச் சின்ன ரயரோடை வந்து எனக்கு முந்நூற்றைம்பது மீற்றர் தண்ணி காட்டினியள். சோடி சரியாய்ப் போட்டிருந்தால்?" என்றான்.

சந்தியோகு நிமிர்ந்தார். வந்துவிட்டது அந்தக் குரல்.

"போட்டிருந்தால் நீ இப்பவும் ரோட்டிலை வந்துகொண்டிருப்பாய்."

ஜெரோசன் சிரிக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினான். "மாமா, அடுத்தமுறை அளக்கேக்கை நானும் நிப்பன்" என்றான்.

ஊரிலே எவனும் சந்தியோகுவிடம் இப்படிச் சொன்னதில்லை. சொல்ல அவர் விட்டதுமில்லை.

"நில்லும்" என்றார். தூரத்தில் யசிந்தாவும் றொசாந்தியும் வேகமாக நடந்து வருவது தெரிந்தது. யசிந்தா வந்து என்னென்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும். முழங்காலில் ஒட்டியிருந்த தார்க்கல்லைத் தட்டிவிட்டு, அதைக் கேட்கத் தயாராக நின்றார்.